கந்தப்பு இளையதம்பி கப்பலை விட்டு ஓடியவர் அல்லர்

அனுப்புபவர்:
சோதிலிங்கம் குகதாசன்,
ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி,
லோறென்ஸ்கூக்.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
போர்க்காலக் கடலோடிகள் நினைவுப் பதிவகம்,
ஒஸ்லோ.

விடயம்: 1942 ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவின் பிறீரவுண் துறைமுகத்தில் இறந்த எனது தாயின் தகப்பனார் கந்தப்பு இளையதம்பியின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுள்ள "தப்பியோடியவர்" என்ற சொல்லை நீக்கக் கோருதலும், அதனை உறுதிப்படுத்தித் தமிழில் ஒரு கடிதம் கோருதலும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. இந்த நாட்டில் யாரும் யாரையும் ஐயா என்று அழைப்பதில்லை என்பது முப்பத்தொன்பது வருடம் இங்கே வாழ்ந்த எனக்குத் தெரியும். ஆயினும் ஓர் அரச அலுவலகத்திடம் ஒன்றைக் கேட்கும்போது என் கைக்கு வேறு விதமாக எழுத வராது. பொறுத்தருள்க.

2. இது நான் தங்களுக்கு அனுப்பும் இரண்டாவது மனு. முதலாவதை நோர்வேஜிய மொழியில் அரைப் பக்கத்தில் எழுதினேன். தை மாதம் 22 ஆம் திகதி தங்கள் அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்தது. மிகவும் கண்ணியமான மறுமொழி. ஆனால், இல்லை என்பதை எவ்வளவு கண்ணியமாகச் சொன்னாலும் அது இல்லைதான். எனவே இம்முறை எனக்கு முழுதாகக் கதைக்க வரும் மொழியில் எழுதுகிறேன். என் மகள் நிருஜா செய்த மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது. எழுத்தைக் குறைக்கச் சொல்லி அவள் என்னுடன் சண்டை பிடித்தாள். குறைத்து எழுதித்தானே போன முறை தோற்றேன் என்று சொல்லிவிட்டேன்.

3. என் தாயின் தகப்பனார் இளையதம்பி, யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறையைச் சேர்ந்தவர். 1941 மாசி மாதம் கொழும்பில் "சொல்விக்" என்ற நோர்வேக் கப்பலில் ஏறினார். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. ஆட்பட்டியலில் அவருடைய இலக்கம் 17. அவர் ஏறும்போது அவருடைய மனைவி நாகமுத்து மூன்று மாதக் கர்ப்பிணி. அந்தப் பிள்ளைதான் என் தாய் மங்களேஸ்வரி. இன்று அவருக்கு எண்பத்து நான்கு வயது. தகப்பனை ஒரு நாளும் கண்டதில்லை.

4. தங்கள் பதிவேட்டில் என் தாயின் தகப்பனாருக்கு உள்ளது ஒரே ஒரு வரி: பெயர், இலக்கம் 17, பிறீரவுண், 11.08.1942, தப்பியோடியவர். வருகின்ற மே மாதம் எட்டாம் திகதி, கடமையில் உயிரிழந்த கடலோடிகளின் பெயர்கள் ஒஸ்லோவில் வாசிக்கப்படும்போது இந்தப் பெயர் வாசிக்கப்பட மாட்டாது. அது முறைதான். ஓடியவனுக்கு ஏன் மரியாதை? என்னிடம் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டைக் கீழே எழுதுகிறேன்.

5. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவர் அன்று அனுமதியின்றிக் கப்பலை விட்டு இறங்கினார் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. இறங்குவது வேறு, ஓடுவது வேறு. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். இறங்கிக் கடைக்குப் போய்த் திரும்பி ஏறுகிறவரையும், இறங்கி வீட்டுக்குப் போகிறவரையும் நான் ஒன்றாகக் கருதியதில்லை.

6. 1943 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்த கப்பல் முகவரிடமிருந்து நாகமுத்துவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தபால் கந்தோரில் நின்ற ஒருவர் அதை உரத்து வாசித்து, அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கத் தமிழிலும் சொன்னார்: உம்முடைய புருசன் பிறீரவுணில் கப்பலை விட்டு ஓடிப்போனார், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை. அவ்வளவுதான் கடிதம். மிச்சத்தை ஊர் எழுதிக்கொண்டது. அங்கே அவருக்கு ஒரு பெண் இருக்கிறாளாம், கடை வைத்திருக்கிறாராம், மூன்று பிள்ளைகளாம். பிள்ளைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடியது.

7. ஐயா, ஓடிப்போனவர் என்றால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். ஆகவே நாகமுத்து பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. 1979 இல் சாகும்வரை பொட்டோடுதான் இருந்தார். "ஆருக்குக் காட்ட உந்தப் பொட்டு?" என்று கிணற்றடியில் கேட்டிருக்கிறார்கள். 1962 இல் என் தாயின் கலியாணக் கார்ட்டை அச்சடித்தபோது தகப்பனின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட முடியவில்லை. "திரு" என்று போடவும் மாமன்மார் விடவில்லை. வெறுமனே "இளையதம்பி" என்று அடித்தார்கள். ஒரு வேலைக்காரனின் பெயரைப் போல. அந்தக் கார்ட் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.

8. இனி என்னுடைய குற்றம். எங்கள் மக்களிடையே ஆடி மாதத்து அமாவாசை, இறந்த தகப்பனுக்குரிய நாள். தகப்பனை இழந்த ஆண்பிள்ளை அன்று உபவாசம் இருந்து, நீரில் நின்று, வலது கை மோதிர விரலில் தருப்பைப் புல்லால் செய்த மோதிரம் அணிந்து, கறுப்பு எள்ளைத் தண்ணீரோடு சேர்த்துக் கையால் இறைத்து விடுவான். அதன் பிறகுதான் சாப்பாடு. செய்யாவிட்டால் போனவர் தண்ணீர் விடாய் தீராமல் இருப்பார் என்பது நம்பிக்கை. தாங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் தாயின் தகப்பன் நம்பினார் என்பதை மட்டும் தாங்கள் நம்பினால் போதும்.

9. என் தகப்பனார் சோதிலிங்கம் 1995 இல் காலமானார். அன்று தொடக்கம் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் ஒஸ்லோவில் இதைச் செய்து வருகிறேன். ஐயர் முதலில் தகப்பன் வழிப் பெயர்களைக் கேட்பார், பிறகு தாயின் தகப்பனின் பெயரைக் கேட்பார். முப்பது வருடமாக நான் சொன்ன மறுமொழி, "தெரியாது ஐயா." தெரியும். நன்றாகத் தெரியும். உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளுத் தண்ணீர் இறைப்பது பெரும் பாவம் என்று அம்மா தடுத்திருந்தார். 2013 இல் இளையதம்பிக்கு நூறு வயது ஆகியிருக்கும். அப்போதும் அம்மாவிடம் கேட்டேன். "போன மனிசன் போனதுதான். என்ரை அம்மாவைப் பொட்டோடை அழவைச்ச ஆளுக்கு நீ ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது" என்றார். நானும் சரி என்று விட்டேன். எனக்கும் அந்த மனிதர் மேல் ஆத்திரம் இருந்தது. வேறென்ன சொல்ல?

10. கடந்த புரட்டாதியில் நடந்தது இது. என் மகள் நிருஜாவுடன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எம்மா என்ற நோர்வேப் பிள்ளை, போர்க்காலத்தில் பிறீரவுண் துறைமுகத்தில் மாலுமிகள் எப்படி இறந்தார்கள் என்பதை ஆராய்ந்து எழுதுகிறாள். குண்டு பட்டு இறந்தவர்களை விடக் காய்ச்சலிலும் தண்ணீரிலும் இறந்தவர்களே அங்கு கனபேர் என்று அவள் சொன்னாள். துறைமுக வைத்தியசாலையில் உரிமை கோரப்படாத உடல்களின் பதிவேட்டுப் பிரதி ஒன்றை அவள் நிருஜாவிடம் காட்டி, உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது என்னவென்று விளங்குமா என்று கேட்டிருக்கிறாள். நிருஜாவுக்கு விளங்கவில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்து வந்து எனக்குக் காட்டினாள். அந்தப் பதிவை அப்படியே தருகிறேன்:

"16 ஆகஸ்ட் 1942. நீர்மூழ்கிக் கப்பல் தடுப்பு வலையில் சிக்கிய நிலையில் ஓர் ஆணின் உடல். ஆசியக் கடலோடி. வயது முப்பதளவில். கப்பல் தெரியாது. வெறுங்கால். இடுப்புத் துணியின் ஓரத்தில் 17 என்ற இலக்கம் நூலால் தைக்கப்பட்டுள்ளது. வலது கை மோதிர விரலில் கயிற்று நாரால் முறுக்கிய மோதிரம். இடுப்பில் ஒரு துணி முடிச்சு. ஈரத்தில் இறுகியிருந்ததால் வெட்டித் திறக்கப்பட்டது. உள்ளே சிறிய கறுப்பு விதைகள். நோக்கம் தெரியவில்லை. அன்றே அடக்கம் செய்யப்பட்டது."

11. ஐயா, நான் அதைக் குசினியில் நின்று வாசித்தேன். 17 என்ற அந்த இலக்கம் 1943 இல் வந்த கடிதத்திலும் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நிருஜாதான் வந்து நிற்பாட்டினாள். "அப்பா, என்னப்பா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். நோக்கம் தெரியவில்லையாம். ஊர்காவற்றுறையில் ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அந்த நோக்கத்தைச் சொல்லியிருக்கும்.

12. அன்றே கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய வாக்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: சித்திரபானு வருடம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, ஆங்கிலத் திகதி 1942 ஆகஸ்ட் 11, ஆடி அமாவாசை. "ஓம் தம்பி, அண்டைக்குத்தான். ஏன் கேக்கிறீர்?" என்றார். தங்கள் பதிவேடு இளையதம்பி ஓடினார் என்று சொல்லும் அதே நாள். பஞ்சாங்கப் பக்கத்தின் பிரதியை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து இணைத்துள்ளேன். ஒரு வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, ஓடுகிறவன் அந்த நாளையா தேடிப் பிடித்து ஓடுவான்?

13. இளையதம்பியின் தகப்பனார் கந்தப்பு 1941 வைகாசியில் இறந்தார். இவர் ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்க இவர் இல்லை. செய்தி கடிதமாக, 1942 தையில், தென்னாபிரிக்காவின் கேப்ரவுணில் வைத்துத்தான் இவருக்குக் கிடைத்தது. அதே கடிதத்தில்தான் மகள் பிறந்த செய்தியும் இருந்தது. ஆகவே அந்த ஆடி அமாவாசைதான் அவர் தன் தகப்பனுக்கு ஏதாவது செய்யக்கூடியதாக வந்த முதல் நாள்.

14. கப்பலில் இன்னொரு யாழ்ப்பாணத்தவரும் இருந்தார். பெயர் கொன்ஸ்ரன்ரைன். கத்தோலிக்க வேதக்காரர், எங்கள் ஊரவர். ஆட்பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டு, அவருடைய ஆட்கள் எவராவது இங்கு இருக்கிறார்களா என்று தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களிடம் விசாரித்தேன். ஒஸ்லோத் தமிழருக்குள் ஒரு பெயரைக் கேட்டு ஒரு கிழமைக்குள் ஆள் அகப்படாவிட்டால் அப்படி ஓர் ஆள் பிறக்கவில்லை என்றே கொள்ளலாம். ஐந்தாம் நாள் அகப்பட்டார். அவருடைய மகள் மரியகொறற்றி அம்மா ஹொல்ம்லியாவில் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. கதவைத் திறந்து, நான் யாரென்று கேட்டதும், "நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் செல்லும் எண்டுதான் தெரியாது" என்றார்.

15. கொன்ஸ்ரன்ரைன் 1988 இல் நோயில் கிடந்தபோது மகளுக்குச் சொன்னவற்றை, மகள் கையொப்பமிட்ட வாக்குமூலமாக இணைத்துள்ளேன். அதன் சாரம் பின்வருமாறு. "சொல்விக்" பிறீரவுணில் மூன்று கிழமை நங்கூரமிட்டு நின்றது. துணைக்கு வரும் போர்க்கப்பல்களுக்காகக் காத்து நாற்பது ஐம்பது கப்பல்கள் அங்கே நின்றன. மழை, மழை, மழை. மழை விட்டால் இரும்புத் தட்டில் கால் வைக்க முடியாத வெக்கை. குடிக்கும் தண்ணீர் கோப்பையால் அளந்து கொடுக்கப்பட்டது. மாலையானால் விளக்கில்லை, நுளம்பு மட்டும். மலேரியாவுக்குக் கொயினா குளிசை தின்று தின்று காதுக்குள் இரைச்சல். காய்ச்சல் பயத்தால் எவரும் கரைக்குப் போகக் கூடாது என்று கட்டளை. கரை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பச்சையாகத் தெரியும். அதுதான் பெரிய சித்திரவதை என்று கொன்ஸ்ரன்ரைன் சொல்லியிருக்கிறார்.

16. இளையதம்பி கரைக்குப் போக மூன்றாம் பொறியியலாளரிடம் இரண்டு தடவை அனுமதி கேட்டார். தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களால், தகப்பன், தண்ணீர், ஒரு மணித்தியாலம் என்று கேட்டார். கிடைக்கவில்லை. அந்தப் பொறியியலாளரில் நான் குறை சொல்ல வரவில்லை. கட்டளை கட்டளைதான். கப்பல் தட்டில் நின்றே இறைத்துவிடு என்று கொன்ஸ்ரன்ரைன் சொல்லியிருக்கிறார். அதற்கு இளையதம்பி சொன்ன மறுமொழியை மரியகொறற்றி அம்மா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்: "இஞ்சை நிண்டு இறைச்சால் கப்பல் எண்ணெய்க்கு மேலைதான் விழும். அப்புவுக்கு முதல் முதல் குடுக்கிறது, எண்ணெய்த் தண்ணியோ? கால் தண்ணியிலை நிக்கவேணுமடா."

17. நங்கூரமிட்ட அத்தனை கப்பல்களைச் சுற்றியும் கறுத்த எண்ணெய் படர்ந்திருந்ததாம். நல்ல தண்ணீருக்கு அவர் கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்னர் தன் வேலை நேரத்தை முடித்தார். வாழைப்பழம் விற்க வந்த ஒரு வள்ளக்காரனைக் கொன்ஸ்ரன்ரைன் கைகாட்டிக் கூப்பிட்டார், கயிற்றையும் பிடித்தார். தருப்பை இல்லாததால் கப்பல் கயிற்றிலிருந்து நாரை உரித்து மோதிரம் முறுக்கி வைத்திருந்தார் இளையதம்பி. எள், வீட்டிலிருந்து கொண்டு வந்த பொட்டலம். இறங்கும்போது கடைசியாகச் சொன்னது: "என்ரை சோத்தை மூடி வை. வந்து சாப்பிடுறன். காலமை துவக்கம் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

18. அவர் இறங்கிச் சிறிது நேரத்தில் பெருமழை பிடித்தது. எதிரே நின்ற கப்பலே தெரியவில்லை. வள்ளம் கவிழ்ந்ததா, கரையில் நின்றவரை நீரோட்டம் இழுத்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். 13 ஆம் திகதி கப்பல் புறப்பட்டுவிட்டது. விசாரித்தபோது கொன்ஸ்ரன்ரைன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார். வள்ளத்தைக் கூப்பிட்டதற்கும் கயிற்றைப் பிடித்ததற்கும் தன்னை மறியலில் அடைப்பார்கள் என்று பயந்தார். மூடி வைத்த சோற்றை இரண்டாம் நாள் கடலில் கொட்டினார். ஊருக்கு வந்த பிறகும், நாகமுத்து தேடிப் போய்க் கேட்டபோது, "இறங்கிப் போனவன் அக்கா, பிறகு வரேல்லை" என்று மட்டும் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு பெண் முப்பத்தாறு வருடம் அப்படி வாழ்ந்திருக்க மாட்டாள். மரியகொறற்றி அம்மா என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் யார் மன்னிக்க? நானும் "தெரியாது" என்று முப்பது வருடம் சொன்னவன்தானே.

19. தங்கள் மறுமொழியில் கூறப்பட்ட காரணங்களுக்கு வருகிறேன். 17 என்ற இலக்கம் வேறு கப்பல்களிலும் இருந்திருக்கலாம் என்று எழுதியுள்ளீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கிழமை அந்தத் துறைமுகத்தில் 17 என்று தைத்த துணியோடு, நார் மோதிரத்தோடு, எள்ளு முடிச்சோடு எத்தனை பேர் செத்திருக்க முடியும்? விதைகளுக்கும் மோதிரத்துக்கும் விளக்கமில்லை என்று எழுதியுள்ளீர்கள். விளக்கத்தை மேலே எட்டாம் பந்தியில் தந்துள்ளேன். திரும்பி வரும் எண்ணம் நிறுவப்படவில்லை என்று எழுதியுள்ளீர்கள். இதற்குச் சாட்சி தங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. இளையதம்பி கப்பலில் விட்டுச்சென்ற பொருட்களின் பட்டியலைத் தங்கள் மறுமொழியோடு தாங்களே அனுப்பியிருந்தீர்கள்: சப்பாத்து ஒரு சோடி, கடலோடிப் புத்தகம், கம்பளிச் சட்டை, கடிதங்கள், கைக்குழந்தைக்கான வெள்ளிக் காப்பு ஒரு சோடி.

20. ஐயா, சப்பாத்தும் இல்லாமல், அடையாளப் புத்தகமும் இல்லாமல் எந்த மனிதன் கப்பலை விட்டு ஓடுவான்? அந்தக் காப்பைப் பற்றி நான் என்ன எழுத? கேப்ரவுணில் கடிதம் வந்த பிறகு வாங்கியிருக்க வேண்டும். ஓடியவரின் பொருட்களைக் கப்பலிலேயே ஏலம் போட்டுவிடுவது அக்கால வழக்கம் என்று எம்மா சொன்னாள். யார் எடுத்தார்களோ, எந்தக் குழந்தையின் கையில் கிடந்ததோ. பட்டியலை அம்மாவுக்கு வாசித்தேன். காப்பு என்றதும் தன் இடது மணிக்கட்டை மற்றக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் விடவில்லை.

21. அம்மா இப்போது புருசெத்தில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஈரலில் புற்றுநோய். கிழமைக் கணக்கில்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அங்குள்ளவர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள், அதில் குறை இல்லை. நான் கண்டுபிடித்த எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். நம்பவில்லை. "நான் சாகப்போறன் எண்டு கதை கட்டுறாய். ஒரு கடுதாசி வந்துதான் எங்களை உப்பிடி ஆக்கினது. இன்னொரு கடுதாசி வரட்டும், அப்ப நம்புறன்" என்றார்.

22. இதன் பின் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் மனுவில் மறைத்து எழுதுவது முறையல்ல. தங்கள் மறுமொழி "இல்லை" என்று வந்த கிழமை, குப்பை எடுக்கும் நாள் மாறுவது பற்றிக் கொம்மூன் நகரசபையிலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் கொண்டு போய், அது தங்கள் கடிதம் என்று சொல்லி, இளையதம்பி ஓடவில்லை, கடமையில் இறந்தார் என்று நானாகவே வாசித்தேன். அம்மாவுக்கு நோர்வேஜியம் தெரியாது. ஆனால் 1943 இல் வந்த கடிதத்தை நாகமுத்து பெட்டிக்குள் வைத்திருந்தார். சின்னப் பிள்ளையாக அதை எடுத்து எடுத்துப் பார்த்து, தகப்பனின் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்குப் பாடம். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக வைத்து அந்தப் பெயரைத் தேடினார். இரண்டு தரம் தேடினார். பிறகு மடித்துத் தந்தார். "நீயும் அவையளை மாதிரி எனக்கு வாசிச்சுக் காட்டுறாய், என்ன?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

23. ஆகவேதான், ஐயா, தமிழில் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்கிறேன். அவருடைய தாய்க்கும் அவருக்கும் இதுவரை எல்லாக் கடிதமும் வேறு யாரோ வாசித்துக் காட்டியவை. ஒன்றையாவது அவர் தானாக வாசிக்க வேண்டும். தமிழ் அவருக்கு நன்றாக வாசிக்க வரும்.

24. இன்னுமொரு காரணம் உண்டு. எங்களில் ஒருவர் இறந்தால் மரண அறிவித்தல் போடுவோம். அதில் இறந்தவரின் பெற்றோரைக் குறிப்பிடும்போது, அவர்களும் இறந்திருந்தால், பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவது மரியாதை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கேட்டார்: "தம்பி, என்ரை அறிவித்தலிலை அப்பாவுக்கு என்னெண்டு போடப்போறாய்? கலியாணக் கார்ட் மாதிரி மொட்டையா விட்டிடாதை." முதல் தடவையாக அன்றுதான் அந்த மனிதரை அம்மா "அப்பா" என்று சொல்லிக் கேட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயது.

25. எனவே பின்வருவனவற்றைச் செய்து தருமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

(அ) பதிவேட்டில் கந்தப்பு இளையதம்பியின் பெயருக்கு எதிரே உள்ள "தப்பியோடியவர்" என்ற சொல்லை நீக்க வேண்டும். "அனுமதியின்றி இறங்கினார், துறைமுகத்தில் இறந்தார்" என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். உண்மை அதுதான்.

(ஆ) மே எட்டாம் திகதி வாசிப்பில் அவருடைய பெயரையும் சேர்க்க முடியுமானால் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் இதை விட்டுவிடலாம்.

(இ) இதை விட்டுவிட முடியாது. கீழ்வரும் வசனத்தைத் தங்கள் அலுவலகத் தாளில் அடித்து, முத்திரையும் தங்கள் கையொப்பமும் இட்டு, நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் என் தாய்க்கு உடனடியாக அனுப்ப வேண்டும். பெயரை மட்டும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடவும். அவர் விரல் வைத்துத் தேடுவார்.

"மங்களேஸ்வரி அவர்களுக்கு: உங்கள் தகப்பனார் காலஞ்சென்ற கந்தப்பு இளையதம்பி கப்பலை விட்டு ஓடவில்லை. அவர் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போனார். திரும்பி வந்து சாப்பிட இருந்தார்."

26. இந்த வருடம் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12 ஆம் திகதி வருகிறது. அம்மா அன்று இருக்க மாட்டார். நான் ஒஸ்லோப் பியோர்ட் கடல் தண்ணீரில் இறங்கி நிற்பேன். ஐயர் தாயின் தகப்பன் பெயரைக் கேட்பார். இம்முறை சொல்வேன். கந்தப்புவின் பெயரையும் சேர்த்துச் சொல்வேன், ஏனென்றால் அவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. மகன் இளையதம்பி மோதிரத்தை விரலில் போட்டுவிட்டார், முடிச்சை அவிழ்க்கவில்லை. அந்த இரண்டுக்கும் இடையில் அவர் இறந்துவிட்டார்.

27. தங்கள் நேரத்தை அதிகம் எடுத்துவிட்டேன். தாங்களும் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளை என்ற ஒரே உரிமையில் இதை எழுதினேன். கடிதம் தபாலில் வரத் தாமதமாகும் என்றால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். லோறென்ஸ்கூக்கிலிருந்து தங்கள் வாசலுக்கு அரை மணித்தியாலத்தில் வந்து நானே கையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) சோ. குகதாசன்

இடம்: லோறென்ஸ்கூக்
திகதி: 09.03.2026

இணைப்புகள்:
1. துறைமுக வைத்தியசாலைப் பதிவின் பிரதி.
2. பஞ்சாங்கப் பக்கத்தின் பிரதி.
3. மரியகொறற்றி அம்மாவின் வாக்குமூலம்.
4. கப்பலில் விடப்பட்ட பொருட்களின் பட்டியல்.
5. என் தாயின் கலியாணக் கார்ட், மூலப்பிரதி. தயவுசெய்து திருப்பித் தரவும்.
6. துணியில் முடிந்த கறுப்பு எள், ஒரு பிடி. இளக்கமாகத்தான் முடிந்திருக்கிறேன். வெட்ட வேண்டாம், கையால் அவிழ்த்துப் பார்க்கவும்.